இளவரசன் எங்கள் பெரியம்மா

திண்டிவனத்தில் எங்கள் பெரியம்மாவை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பெரியப்பாவின் மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை மில்லில், பருப்பு பொறுக்குகிற பெண்களிலிருந்து மூட்டை ஏற்ற வரும் லாரிக்காரர்கள் வரை எல்லாருக்கும் அவள் பேபிம்மா. நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், அதற்கேற்ற பருமன். தோலுடைக்கும் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது மில்லின் இந்தக் கோடியில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால், அந்தக் கோடியில் இருப்பவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்டவளுக்குப் பேபி என்ற பெயர் எப்படி வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டுவந்த பெயரை யார் சந்தேகிக்கிறார்கள்?

அம்மாதான் ஒருநாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய அக்கா சின்ன வயதில் சினிமாவில் நடித்தவள். கும்பலில் ஒருத்தியாக நின்றவள் அல்ல, சுவரொட்டியில் முகம் வந்தவள்.

தாத்தாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே வேலை. குடும்பம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது. பெரியம்மாவுக்கு விளையாட்டு மைதானம் பிளாட்பாரம்தான். வடை விற்கிறவர், வெற்றிலை விற்கிறவர், பச்சைக்கொடி காட்டுகிற கார்டு, சீட்டில்லாமல் மாட்டிக்கொண்டு கெஞ்சுகிற பிரயாணி என்று எல்லாருடைய குரலிலும் பேசிக்காட்டுவாளாம். ஒருநாள் பாண்டிச்சேரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சினிமா கம்பெனிக்காரர்கள் மெட்ராஸ் வண்டி தாமதமானதால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எரிச்சலோடு சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி அவர்கள் எதிரில் வந்து நின்று, அவர்களுடைய மேனேஜர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டை போட்டதை அப்படியே நடித்துக்காட்டினாள். வண்டி வந்தபோது அவர்கள் தாத்தாவின் விலாசத்தை வாங்கிக்கொண்டுதான் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கோடம்பாக்கம்தான் ஊர். தாத்தா துணைக்குப் போனார், பாட்டி விழுப்புரத்திலேயே இருந்தாள். விடிவதற்குள் ஸ்டூடியோ கார் வந்து வாசலில் நிற்குமாம். தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு போய் மேக்கப் நாற்காலியில் உட்கார வைத்தால், கண் விழிக்கும்போது கிரீடம் தலையில் இருக்கும். அந்தக் காலத்தில் சின்னப் பையன் வேஷங்களைப் பெண் குழந்தைகளுக்குக் கொடுப்பது வழக்கம். பையன்கள் செட்டில் ஓரிடத்தில் நிற்கமாட்டார்கள், பெண் குழந்தைகள் வசனத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்பார்களாம். ஆகவே எங்கள் பெரியம்மா குட்டி முருகனாக இருந்தாள், ஏழை வீட்டு அநாதைப் பையனாக இருந்தாள், காட்டில் தொலைந்துபோன ராஜகுமாரனாக இருந்தாள். எந்தப் படமானாலும் பாதிவரைதான் அவள். ஒரு பாட்டு வரும், குதிரை ஓடும். பாட்டு முடிவதற்குள் சின்னப் பையன் வளர்ந்து மீசை வைத்த கதாநாயகன் ஆகிவிடுவான். சம்பளத்தில் தாத்தா விழுப்புரத்தில் வீடு கட்டினார். என் அம்மா பள்ளிக்கூடம் போய்ப் படித்தாள். பெரியம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே இல்லை. யாராவது வசனத்தைப் படித்துச் சொன்னால் கேட்டுத் திருப்பிச் சொல்வாள், அவ்வளவுதான்.

பிறகு அவளும் மற்றக் குழந்தைகளைப் போல உயரமாக வளர்ந்தாள். கார் வருவது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. தாத்தாவும் அவளும் விழுப்புரத்துக்கே திரும்பிவிட்டார்கள். அவளுக்குக் கல்யாண வயது வந்தபோது, ஒலக்கூர் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பத்திலிருந்து பெரியப்பாவுக்காகக் கேட்டு வந்தார்கள். பெரியப்பாவின் அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாராம். சினிமாப் பேச்சு தன் வீட்டு வாசற்படிக்குள் வரக்கூடாது. பெரியம்மா சரியென்று தலையாட்டினாள். போட்டோக்களெல்லாம் விழுப்புரத்திலேயே தங்கிவிட்டன. படத்தில் குழந்தை நட்சத்திரங்களுக்குப் போடுகிற, கூடவே வந்த உறவுக்காரர்கள் வாய்க்கு வாய் கூப்பிட்ட பேபி என்ற பெயரை மட்டும் யாராலும் வாசலில் நிறுத்த முடியவில்லை.

அந்தப் பெரியவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. போட்ட நிபந்தனையை அவர் எடுத்துவிட்டுப் போகவில்லை. மற்றவர்களுக்கும் எடுக்கத் தோன்றவில்லை. பெரியப்பா சினிமாவே பார்க்காதவர். மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து அடுத்தவன் வீட்டுச் சண்டையைப் பார்ப்பானேன் என்று கேட்பார்.

விஷயம் தெரிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற ஃபிலோமினாவிடம் சொன்னேன். அவளுடைய அப்பா கோயில் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். மாதா கோயில் திருவிழா நாடகத்தில் இரண்டு வருஷமாக அவள் இறக்கை கட்டிக்கொண்டு சம்மனசு, அதாவது தேவதூதர், வேஷம் போட்டுக்கொண்டிருந்ததால் நடிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று நினைத்தாள்.

"மல்லாட்ட மில்லு பேபிம்மாவா? சினிமாவுலயா? போடி பொய்யி" என்றாள்.

அதே வாரம் ஒலக்கூருக்குப் பக்கத்து டூரிங் கொட்டாயிலிருந்து மாட்டுவண்டி ஒன்று எங்கள் தெருவழியாக வந்தது. இரண்டு பக்கமும் தட்டி, உள்ளே ஒலிபெருக்கி. பழைய ராஜா ராணிப் படம் ஒன்றின் பெயரைச் சொல்லி, சிரித்து மகிழவும் அழுது உருகவும் வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டு போனது. நான் வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் படத்தின் பெயரைச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்காவோட படம்டி அது" என்றாள்.

ஃபிலோமினாவை இழுத்துக்கொண்டு போய், அடுத்த தெருவில் நின்ற வண்டியின் தட்டியைக் காட்டினேன். அதில் கதாநாயகன் வாளோடு நின்றான், கதாநாயகி அழுதாள். கீழே மூலையில் கிரீடம் வைத்த ஒரு சின்ன முகம். ஃபிலோமினா குனிந்து பார்த்தாள். "பையன்டி இது" என்றாள். அவ்வளவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்து, "உங்க பெரிம்மாவுக்கு மீசை இருக்காடி?" என்று கேட்க ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடப் பையோடு நேராக மில்லுக்குப் போனேன். பெரியம்மா களத்தில் நின்று காயப்போட்ட மல்லாட்டையைக் கிளறச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியப்பா மிஷினின் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நான் இருவருக்கும் நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுது எல்லாவற்றையும் சொன்னேன்.

பெரியம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். "பொய்யின்னே சொல்லட்டும், வுடு. இதுக்கா அழுவறது? மூஞ்சப் பாரு, கேப்பைக் கூழு மாதிரி."

"நீங்க வந்து சொல்லுங்க பெரிம்மா. அது நாந்தான்னு சொல்லுங்க."

"நான் இன்னாத்துக்குச் சொல்றது? வேலையப் பாரு."

பருப்பு பொறுக்குகிற பெண்களின் கைகள் நின்றுவிட்டன. எல்லாருக்கும் மூத்தவளான முனியம்மா, காது கொஞ்சம் மந்தம், பக்கத்திலிருந்தவளிடம் என்ன என்று கேட்டாள். அவள் உரக்கச் சொன்னாள். "நம்ம பேபிம்மா நடிச்ச படம் கொட்டாய்ல ஓடுதாம்!" எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஏன் பார்க்கிறோம் என்று எனக்குத் தெரியாது.

பெரியப்பா பெல்ட்டை மாட்டி முடித்தார். கைகளைச் சாக்கில் துடைத்தார். "நாளைக்கு மில்லு மத்தியானத்தோட மூடிக்கலாம்" என்றார். "லாரி சும்மாதான நிக்குது. வர்றவங்க ஏறிக்குங்க."

பெரியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாங்க இது?"

"நானுந்தான் பாத்ததில்ல" என்றார் பெரியப்பா. உடனே மிஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் பேச முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் லாரி நிறைய நாங்கள் போனோம். மில் பெண்கள் எல்லாரும் தலையில் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். ஃபிலோமினாவையும் அவள் அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு அழைத்து வந்திருந்தேன். சாட்சி இல்லாமல் ஜெயித்து என்ன பிரயோஜனம்? பெரியம்மா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பழைய கைத்தறிப் புடவையைத்தான் கட்டியிருந்தாள். அம்மா பட்டுக் கட்டச் சொன்னதற்கு, "மண்ணுல குந்தறதுக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

கொட்டாயில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் இடுப்பளவுக்கு மண்சுவர். பெரியப்பா அந்தப் பக்கம் போனார். நாங்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தோம். பெரியம்மாவுக்கு ஒருபக்கம் நானும் ஃபிலோமினாவும், மறுபக்கம் முனியம்மா. எங்களுக்குப் பின்னால் அம்மா.

படம் ஆரம்பித்தது. திரையெல்லாம் மழை பெய்வதுபோலக் கோடு. ராஜா வந்தார், ராணி வந்தாள், கெட்ட தளபதி வந்தான். ராஜா சீக்கிரமே செத்துப்போனார். அப்புறம் மாமரத்துக் கிளையிலிருந்து ஒரு பையன் குதித்தான். சுருட்டை முடி, காதில் கடுக்கன், கையில் மர வாள்.

"இதான்டி" என்றேன்.

ஃபிலோமினா கொஞ்சநேரம் பார்த்தாள். திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள். "பையன்தான்டி" என்றாள், இந்தத் தடவை கொஞ்சம் இரக்கத்தோடு. எனக்கே உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. அந்தப் பையனின் குச்சிக் கைகளுக்கும், கிழங்குபோல உருண்ட பெரியம்மாவின் கைகளுக்கும் என்ன சம்பந்தம்? பெரியம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தளபதி ராணியைச் சிறையில் தள்ளிவிட்டு சபையைக் கூட்டினான். பையன் தனியாக சபைக்குள் நடந்து வந்தான். மந்திரிகள் ஒதுங்கினார்கள். அவன் சிம்மாசனத்துக்கு எதிரில் நின்று தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கர்ரென்று இழுத்து, விக்கி, ஓய்ந்துபோனது. பையனின் உதடு அசைந்தது. சத்தமே இல்லை.

கொட்டாய் குமுறியது. "சவுண்டு! சவுண்டு!" என்று ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. ஆபரேட்டர் அறையின் ஜன்னலிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, வால்வு போய்விட்டது, மாற்றிக்கொண்டிருக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கத்தினார். படத்தை நிறுத்தினால் ஜனங்கள் கொட்டாயைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்தோ என்னவோ, அதை மட்டும் ஓடவிட்டார்கள்.

முனியம்மாவுக்கு நடந்தது புரியவில்லை. வழக்கம்போலத் தன் காதில்தான் விழவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பெரியம்மாவின் தோளைத் தட்டி, "இன்னாம்மா சொல்லிக்கினு கீறான் அந்தப் புள்ள?" என்று கேட்டாள்.

"இன்னா சொல்றானா?" என்றாள் பெரியம்மா. ஒருகணம் திரையைப் பார்த்தாள். பிறகு அவளிடமிருந்து நான் அதுவரை கேட்டறியாத ஒரு குரல் வந்தது. கணீரென்ற, மெல்லிய, பையனின் குரல்.

"தளபதியாரே! இந்தச் சிம்மாசனத்தில் ஏறி அமர என் கால்களுக்கு நீளம் போதாமல் இருக்கலாம். ஆனால் என் தாயைச் சிறையில் தள்ளிய கயவன் யாரென்று சுட்டிக்காட்ட என் விரலுக்கு நீளம் போதும்!"

திரையில் பையனின் விரல் சரியாக அதே நேரத்தில் உயர்ந்தது.

எங்களைச் சுற்றியிருந்த பெண்கள் திரும்பினார்கள். பெரியம்மா நிறுத்தவில்லை. முனியம்மாவின் காதுக்காக ஆரம்பித்தவள் இப்போது அவள் பக்கம் பார்க்கவே இல்லை. கண் திரையில் நிலைத்திருந்தது. உதடு அசைந்தால் குரல் வந்தது. உதடு மூடினால் குரல் நின்றது. தளபதி பேசுகிற இடத்தில் கட்டைக்குரல் போட்டு அவனுக்கும் பேசினாள். "சிறுவனே, நாவை அடக்கு!" என்று அவன் உறுமியபோது எங்கள் முன்னால் இருந்த கைக்குழந்தை அழுதது.

பெண்கள் பக்கம் அடங்கிவிட்டது. ஆண்கள் பக்கம் இன்னும் கூச்சல். பெரியம்மா மண்டியிட்டு நிமிர்ந்தாள். மில்லில் மிஷின் சத்தத்தைத் தாண்டப் பழகிய நெஞ்சு அது. அடுத்த வசனம் கொட்டாயின் கூரையைத் தொட்டது.

"நாவை அடக்குவது அடிமைக்கு அழகு. நானோ இந்த மண்ணின் மகன். என்னைப் பேசாதிருக்கச் செய்ய வேண்டுமானால் உன் வாளுக்கு வேலை கொடு. வாள் ஓய்ந்தபின் என் ரத்தம் பேசும்!"

மண்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் எழுந்து நின்றார். திரையின் வெளிச்சத்தில் பார்த்தேன். பெரியப்பா. அம்மா என் தோளை அழுத்தமாகப் பிடித்தாள். பெரியம்மாவும் அவரைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். குரல் ஒரு நொடி தயங்கியது.

"யோவ் மில்லுக்காரரே, குந்துயா, மறைக்குது" என்று யாரோ கத்தினார்கள்.

பெரியப்பா உட்காரவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். வாழ்க்கையில் அவர் உரத்துப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "கொஞ்சம் கம்னு இருங்கய்யா எல்லாரும்! பேசறது என் சம்சாரம். அதோ படத்துல கீறதும் அவங்கதான். கேக்க வுடுங்க!"

விசில் அடித்தவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள். பெரியப்பா நின்றபடியே, சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் பெரியம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

பெரியம்மா மிச்ச வசனம் முழுவதையும் பேசினாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பையன் தளபதியைக் கேள்விமேல் கேள்வி கேட்டு மடக்கினான். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் அவனுடைய இடது புருவம் ஒரு இழை மேலே ஏறியது. மில்லில் எடையில் ஏமாற்றப் பார்க்கிறவனிடம் பேசுமுன் பெரியம்மாவின் புருவம் ஏறுமே, அதே புருவம். நான் பார்த்த அதே நேரத்தில் ஃபிலோமினாவும் பார்த்துவிட்டாள். என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, இவங்கதான்டி" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நியாயமாகப் பார்த்தால் எனக்கல்லவா கலங்கியிருக்க வேண்டும். நான் ராணிபோல உட்கார்ந்திருந்தேன்.

சபைக் காட்சி முடிந்தது. அடுத்தது சிறை. இரவு, தீப்பந்தம், இரும்புக் கம்பிகள். பையன் ஓடிவந்து கம்பிகளைப் பிடித்து உலுக்கினான். உள்ளே ராணி மயங்கிக் கிடந்தாள். பையனின் முகம் திரை முழுவதும் நிறைந்தது. வாய் கோணி, மூக்கு ஒழுகி, கழுத்து நரம்பு புடைக்க அவன் அழுதான். அம்மா, அம்மா என்று கூப்பிடுகிறான் என்று உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

எல்லாரும் பெரியம்மாவின் குரலுக்காகக் காத்திருந்தோம். குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா திரையைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மணலைக் கையால் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பின்னாலிருந்து அவள் முதுகில் கையை வைத்தாள். திரையில் அந்தப் பிள்ளை சத்தமில்லாமல் அழுதுகொண்டே இருந்தது. மில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். முனியம்மா மூக்கைச் சிந்தினாள்.

பிறகு இடைவேளை விளக்கு எரிந்தது.

அந்தச் சில நிமிஷங்கள்போல ஒரு பெருமையை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை. பெண்கள் பெரியம்மாவைச் சூழ்ந்துகொண்டு அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆண்கள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள். கொட்டாய் முதலாளி தன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அதில்தான் உட்கார வேண்டும் என்று அடம்பிடித்தார். வால்வு மாற்றியாகிவிட்டது என்று ஆபரேட்டர் சொன்னதற்கு, "சவுண்டு வேணாம், பேபிம்மாவே பேசட்டும்!" என்று கூட்டத்திலிருந்து பதில் வந்தது.

பெரியம்மா சிரித்தாள். "இனிமே எனக்கு இன்னா வேலை கீது? பாட்டு வரும் பாரு, பையன் பெரியவனாயிடுவான். மிச்சத்த அவரு பாத்துக்குவாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பெரியப்பா அவளை வெளியே சோடாக் கடைக்கு அழைத்துப் போனார். நானும் ஃபிலோமினாவும் கூடவே ஒட்டிக்கொண்டோம். எங்களுக்குக் கலர் வாங்கிக் கொடுத்தார். பெரியம்மாவுக்குக் கோலிசோடாவைத் தானே உடைத்துக் கையில் கொடுத்தார். இருவரும் காஸ்லைட் வெளிச்சத்தில் நின்றார்கள்.

"எங்கப்பா தப்பு பண்ணிட்டாரு" என்றார் பெரியப்பா. "நானுந்தான்."

"வுடுங்க. அவரு இன்னா பண்ணுவாரு, அந்தக் காலத்து மனுசன்."

"இவ்ளோ நாளா உள்ளயே வெச்சிக்கினு இருந்திருக்கிறியே."

பெரியம்மா சோடாவைக் குடித்தாள். பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "எல்லாத்தையும் பேசின. அந்த அழுவற எடத்துல மட்டும் ஏன் வுட்டுட்ட?"

"அது நடிச்சது இல்லீங்க" என்றாள் பெரியம்மா. "நடிச்சதையெல்லாம் பேசிட்டேன்."

எனக்கு அது பதிலாகவே படவில்லை. பெரியப்பா மட்டும் அதற்குமேல் கேட்காமல், காலி பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே போய் மிச்சப் படத்தையும் பார்த்தோம். பெரியப்பா இடைவேளைக்கு அப்புறம் தூங்கிவிட்டார் என்று டிரைவர் சொன்னார்.

அதன்பிறகு எங்கள் பெரியம்மா வீட்டில் சினிமாப் பேச்சுக்குத் தடையில்லை. பெரியப்பாவே விழுப்புரத்துக்குப் போய் போட்டோக்களைக் கொண்டுவந்து, கண்ணாடி போட்டு, மில்லில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மூட்டை வாங்க வருகிற வியாபாரிகளிடம், "பாத்தீங்களா, இது யாருன்னு சொல்லுங்க" என்று கேட்பார். அவர்கள் முருகன் என்றோ கிருஷ்ணன் என்றோ சொல்வார்கள். "என் சம்சாரம்" என்பார். பிறகுதான் விலை பேசுவார்.

அந்தச் சிறைக் காட்சியைப் பற்றி அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு. பெரியம்மாவுக்கு அப்போது ஏழு வயது. எவ்வளவு சொல்லியும் அவளுக்கு அழுகை வரவில்லையாம். கிளிசரின் போட்டார்கள், அதட்டினார்கள். கடைசியில் உதவி டைரக்டர் ஒருவர் வெளியிலிருந்து ஓடிவந்து, விழுப்புரத்திலிருந்து தந்தி வந்திருக்கிறது, உன் அம்மா தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனாள் என்று அந்தக் குழந்தையிடம் சொன்னார். கேமரா தயாராக ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா கேமராவுக்குப் பக்கத்தில்தான் நின்றார். சொல்லப்போவது அவருக்கு முன்பே தெரியும். ஷாட் முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். பொய் என்று சொல்லி அவள் கையில் ஜாங்கிரி கொடுத்தார்கள்.

அவள் அதைத் தின்னவில்லை. ஊருக்கு அழைத்துப்போய் அம்மாவைக் கண்ணில் காட்டிய பிறகுதான் வாய் திறந்து சாப்பிட்டாளாம். அடுத்த படத்தில் அழவேண்டிய காட்சி வந்தபோது, வேறொரு டைரக்டர், பெரிய மனிதர், அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் அவரைப் பேசவிடவில்லை. "எங்கிட்ட பொய் சொல்லாதீங்க. அழணும்னு மட்டும் சொல்லுங்க. நானே அழறேன்" என்றாள். சொன்னபடியே நின்ற இடத்தில் அழுதாள். ஒரே ஷாட்டில் ஓகே ஆனது. டைரக்டர் அந்தக் குழந்தையோடு கைகுலுக்கினாராம். அதற்குப் பிறகு அவளைப்போல அழ ஆள் கிடையாது என்று ஸ்டூடியோவெல்லாம் பேச்சு. எந்தப் படத்திலும், எத்தனை தடவை கேட்டாலும் அவள் அழுதாள். அந்த அழுகையெல்லாம் அவளுடைய சொந்தத் தொழில். அந்த இளவரசன் படத்தில் இருந்த ஒன்று மட்டும் அவளிடமிருந்து பிடுங்கியது. ஊரே வாய்பார்த்திருந்த அந்தக் கொட்டாயிலும் அதை அவள் இன்னொரு தடவை கொடுக்கவில்லை.

அந்த வருஷம் நான் இதொன்றும் அறியாத ஐந்தாம் வகுப்புப் பெண். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் பக்கம் பேசியவள் ஃபிலோமினாதான். சம்மனசு வேஷம் போட்டவளுக்கே உரிய அழகோடு சபைக் காட்சி முழுவதையும் பெஞ்சின்மேல் ஏறி நடித்துக்காட்டினாள். மீசை இருக்கிறதா என்று கேட்டவர்களெல்லாம் மில்லுக்கு எப்போது அழைத்துப்போவாய் என்று என்னிடம் கெஞ்சினார்கள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

மத்தியானம் சாப்பிடும்போது ஃபிலோமினா தனியாக என்னிடம் கேட்டாள். "அவ்ளோ பேசினாங்களே, அழுவற எடத்துல மட்டும் ஏண்டி கம்னு இருந்தாங்க?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. எனக்கும் அது காலையிலிருந்து உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அத்தனை நீள வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னவள், அம்மா என்பதைத் தவிர வேறு வசனமே இல்லாத இடத்தில் போய் மறந்துவிட்டாளே என்று மனதுக்குள் வருத்தம். ஆனாலும் பெரியம்மாவை விட்டுக்கொடுப்பேனா?

"தொண்ட கட்டிக்கிச்சுடி" என்றேன்.

ஃபிலோமினா நம்பினாள். பெரியம்மாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நான் சோற்றைப் பிசைந்தேன். அவ்வளவு பெரிய நடிகையிடம் நான் கண்டுபிடித்த அந்த ஒரே குறையை, அன்றும் அதற்குப் பிறகு வெகுகாலமும், யாரிடமும் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தேன்.